எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய எந்திரம்

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: புதிதாக வாங்கிய எந்திரமும் வண்டியும் நம்மைப் பாடாய்ப் படுத்துவது விற்றவரின் அலட்சியத்தாலா, வாங்கியவரின் அவசரத்தாலா? “விற்றவரின் அலட்சியத்தாலே” என்னும் அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, என் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டும் கண் சொக்காமல் அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ஒரு கேள்வி கேட்டாங்க. “கத்திரிக்காய் வாங்கினா சொத்தை இருக்கான்னு திருப்பித் திருப்பிப் பாக்கிறீங்க. வெண்டைக்காய் வாங்கினா நுனியை ஒடிச்சுப் பாக்கிறீங்க. லட்ச ரூபாய் வண்டியை மட்டும் கலரைப் பாத்து வாங்கிட்டு வர்றீங்க. தப்பு யார் மேல?”ன்னு கேட்டாங்க. நீங்களும் பலமாக் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நல்ல பேச்சுக்குத் தட்டத்தானே வேணும்? ஆனா அம்மா, ஒரு சின்னச் சந்தேகம். நாளைக்கு ஷோரூமுக்குப் போய் ஒரு ஸ்கூட்டரோட நுனியை ஒடிச்சுப் பாருங்களேன், விடுவாங்களா? (சிரிப்பு)

ஐயா, நான் கொற்கைக்காரன். தமிழ் படிச்சவங்க எல்லாருக்கும் அந்தப் பேர் தெரியும். நேரில வந்து பார்த்தா, “இதுவா அந்தக் கொற்கை?”ன்னு கேப்பீங்க. ஒரு குளம், ஓர் அம்மன் கோயில், பழைய வன்னி மரம் ஒன்று, சுத்திலும் வயலும் வாழையும். பாண்டியரின் துறைமுகம் அது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் பின்வாங்கி, ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கடலே எங்களை விட்டுட்டுப் போயிருச்சு, நாங்க மட்டும் பேரை விடாம வச்சிருக்கோம். ஏறத்தாழ 2000 ஆண்டுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளுஸ் என்ற கடல்வழி நூலிலேயே எங்க ஊர்ப் பேர் இருக்கிறது. எதுக்காக? முத்துக்காக!

முத்தை எப்படி வாங்குவார்கள் தெரியுமா? சல்லடையில் இட்டுப் பருமன் பார்ப்பார்கள். தராசில் நிறை பார்ப்பார்கள். வெளிச்சத்தில் உருட்டி ஒளி பார்ப்பார்கள். குறை இருந்தால் முத்து தானே காட்டிக் கொடுத்துவிடும். சரி, எங்க தாத்தா காலத்துல உழவு மாடு வாங்க மேலப்பாளையம் சந்தைக்குப் போவாங்க. பல்லைப் பிடிச்சுப் பாப்பாங்க, சுழி பாப்பாங்க, நாலு எட்டு நடத்திப் பாப்பாங்க. மாடும் ஏமாத்தாது. நொண்டினா நொண்டும், அவ்வளவுதான்.

ஆனா என்ஜின்? அது மூடி போட்ட பெட்டி. உள்ளே என்ன இருக்குன்னு செஞ்சவனுக்குத் தெரியும். வித்தவன் கேட்டா அவனுக்கும் தெரியும். வாங்கினவனுக்கு எப்பத் தெரியும்? நடுவயல்ல நிக்கும்போதுதான் தெரியும். எதிரணி நண்பர்களே, கண்ணுக்குத் தெரியிற குறையை நாங்க பாக்காம வாங்கியிருந்தா எங்களைத் திட்டுங்க. கண்ணுக்கே தெரியாத குறைக்கு எங்களை ஏன் திட்டுறீங்க?

இதை ஏன் இவ்வளவு சூடாப் பேசுறேன்னா, எங்க வீட்டிலேயே ஒரு கதை நடந்தது. பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை. சொந்தம் ரெண்டு ஏக்கர், குத்தகைக்கு ஒரு ஏக்கர். ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகால் தண்ணியை நம்பிப் பிசானச் சாகுபடி. 2022 ஆவணியில் மகனுக்குக் கல்யாணம் முடிச்சாரு. அதே ஆவணிக் கடைசியில, மதினியோட அஞ்சு பவுன் சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்துல அடகு வச்சு, மேலே கொஞ்சம் கடன் வாங்கி, ரெண்டு லட்சத்துச் சொச்சத்துக்கு ஒரு பவர் டில்லர் வாங்கினாரு. கம்பெனிப் பேரைக் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கு எனக்கு நோட்டீஸ் வரும். (சிரிப்பு)

டில்லர் வந்து இறங்கின அன்னைக்கு நான் ஊர்ல இருந்தேன். சந்தனம் என்ன, குங்குமம் என்ன, மாலை என்ன! கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் போட்டதைவிடப் பெரிய மாலை. காருன்னா சக்கரத்தடியில நாலு எலுமிச்சம்பழம் வைக்கணும். டில்லருக்கு ரெண்டே சக்கரம், ரெண்டு பழத்தோட செலவு முடிஞ்சது. தேங்காய் உடைச்சு, பழத்தை நசுக்கி, தெருவெல்லாம் ஒரு சுத்துச் சுத்தி வந்தது. அண்ணன் முகத்துல அப்படி ஒரு களை. “தம்பி, இனிமே உழவுக்கு எவன் வீட்டு வாசல்லயும் போய் நிக்க வேண்டாம்ல”ன்னாரு.

நிக்கலை. டில்லர்தான் நின்னுச்சு.

மூணாவது நாள். தொழி உழவு. அரை மணி நேரம் ஓடும். சூடேறினதும் ‘பொக்’குன்னு நின்னுரும். ஆற விடணும். ஆறினப்புறம் கைப்பிடியைப் போட்டுச் சுத்தினாப் பிடிக்கும். திரும்ப அரை மணி நேரம். திரும்ப ‘பொக்’கு. தொழிக்குள்ள முழங்கால் மட்டும் நின்னுக்கிட்டு, புது மாப்பிள்ளை அந்தக் கைப்பிடியைச் சுத்துற சுத்துல, அவன் தோள்பட்டைதான் வீங்கினது.

கடைக்காரருக்குப் போன் போட்டாச்சு. மெக்கானிக் வந்தாரு. நல்ல பையன்தான், அவரைக் குறை சொல்லலை. ஆனா அவருக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பின பதில் இருக்கே! முதல் தடவை, “டீசல்ல தண்ணி கலந்திருக்கு.” சரி, டீசலை மாத்தினோம். ரெண்டாந் தடவை, “உங்க ஊரு மண்ணு களிமண்ணு, இழுவை ஜாஸ்தி.” ஐயா, மண்ணை எங்கே போய் மாத்துறது? தாமிரபரணி ரெண்டாயிரம் வருஷமாக் கொண்டுவந்து போட்ட மண்ணு அது! மூணாந் தடவை, “தம்பிக்குக் கிளட்ச் பிடிக்கத் தெரியலை.” நாலாந் தடவை வேற ஒண்ணும் கிடைக்கலை. “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஓட ஓடச் சரியாயிரும்”னாரு. ஓட ஓடச் சரியாகும், ஒத்துக்கிறேன். ஓடினாத்தானே! (கைதட்டல்)

கவனிச்சீங்களா? டீசல் மேல தப்பு, மண்ணு மேல தப்பு, ஓட்டுறவன் மேல தப்பு. மெஷின் மேல மட்டும் தப்பே இல்லை. எங்க எதிரணி இன்னைக்குப் பேசுறதை அந்தக் கடைக்காரர் அன்னைக்கே பேசிட்டாரு.

இதுக்குள்ள நாற்றங்கால்ல நாற்று 25 நாள் தாண்டிருச்சு. முத்தின நாற்றை நட்டா என்ன விளையும்னு விவசாயிகளுக்குத் தெரியும். வீட்டு வாசல்ல புது டில்லர் மாலையோட நிக்க, அண்ணன் பக்கத்து ஊருக்குப் போய் வாடகை டிராக்டர் பிடிச்சுட்டு வந்து உழுதாரு. எந்த வாசல்ல நிக்க மாட்டேன்னு சொன்னாரோ அந்த வாசல்ல நின்னாரு.

நான் இதுவரைக்கும் சொன்னது துட்டுக் கணக்கு. இனிமே சொல்றதுதான் எனக்கு வலிக்குது.

அந்த வருஷத் தீபாவளி அக்டோபர் 24. நான் ஊருக்குப் போயிருந்தேன். எல்லாரும் திண்ணையில உட்கார்ந்திருக்கோம். டில்லர் எதிர்ல தார்ப்பாய் போத்திக் கிடக்கு. மதினி பொதுவாச் சொல்ற மாதிரி சொன்னாக: “வீட்டுக்குப் புதுசா ரெண்டு வந்துச்சு, ஒரே மாசத்துல. எதோட ராசின்னு யாருக்குத் தெரியும்?”

ரெண்டுன்னா எது ரெண்டு? ஒண்ணு டில்லர். இன்னொண்ணு, உள்ளே அடுப்படியில அதிரசம் சுட்டுக்கிட்டிருந்த மருமகப் பொண்ணு. பி.காம். படிச்ச பிள்ளை. கல்யாணமாகி ரெண்டு மாசம்கூட ஆகலை. அந்தச் சொல் உள்ளே கேட்டிருக்கும். கேட்கணும்னுதானே சொன்னது. எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் வருது, வேற சத்தமே இல்லை.

நடுவர் அவர்களே, நான் இந்த மேடையில முப்பது வருஷமாப் பேசுறேன். முனைவர் பட்டம் வாங்கியிருக்கேன். கண்ணகி நீதி கேட்டதைப் பத்திக் கல்லூரியில மணிக்கணக்காப் பாடம் நடத்துறவன். அன்னைக்கு அந்தத் திண்ணையில நான் வாயைத் திறக்கலை. பலகாரத்தைத் தின்னுட்டு, தண்ணியைக் குடிச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

ஆக, ஒரு கடைக்காரனுக்கு இதைவிட என்னங்க பாதுகாப்பு வேணும்? கம்பெனியில எவனோ அளவு தப்பாக் கடைஞ்ச ஒரு இரும்பு. அதுக்குப் பழியை ஒரு பொண்ணு சுமக்கிறா. ‘பொருள் சரியில்லை’ன்னு சொன்னா விற்றவன் பதில் சொல்லணும். ‘ராசி சரியில்லை’ன்னு சொல்லிட்டா? பதில் சொல்ல வேண்டியவன் மருமக, இல்லேன்னா கிரகம். ஷோரூம்காரன் நிம்மதியாத் தூங்கலாம்!

மறுநாள் காலையில அந்தப் பிள்ளை காப்பி கொண்டுவந்து வச்சுட்டு, “மாமா, உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்”னுச்சு. ஒரு நாற்பது பக்க நோட்டு. திறந்து பார்த்தேன். டில்லர் வந்த நாளிலேர்ந்து எழுதியிருக்கு. தேதி. எத்தனை மணிக்கு எடுத்தாங்க, எத்தனை நிமிஷம் ஓடுச்சு, எப்ப நின்னுச்சு, யாருக்குப் போன் போட்டது, யார் வந்தா, என்ன சொன்னாங்க, எதைக் கழற்றி எதை மாட்டினாங்க. கடைசிப் பக்கத்துல கூட்டல். 38 நாள்ல 23 நாள் நின்னிருக்கு.

“எதுக்கும்மா இதெல்லாம்?”னு கேட்டேன். “என்னைச் சொல்லுதாங்கல்லா மாமா, அதான் எழுதி வச்சேன்”னுச்சு.

இங்கே ஒரு செய்தி சொல்லணும், கேளுங்க. வாங்கின புதுக் கார் ஓயாமப் பழுதாச்சுன்னா அமெரிக்காக்காரன் அதுக்கு ஒரு பேர் வச்சிருக்கான். என்ன பேர் தெரியுமா? ‘லெமன்’! எலுமிச்சம்பழம்! (சிரிப்பு) நாம எலுமிச்சம்பழத்து மேல வண்டியை ஏத்துறோம். அவன் வண்டியையே எலுமிச்சம்பழம்கிறான். அந்தப் பேர்லயே சட்டமும் போட்டுட்டான். கனெக்டிகட் மாநிலத்துல 1982-இல் ஆரம்பிச்சு, பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவினது. ஒரே பழுதை நாலு தடவை பார்த்தும் சரியாகலை, அல்லது எல்லாம் சேர்த்து 30 நாள் வண்டி ஒர்க்‌ஷாப்புல கிடந்தது என்றால், குறித்த காலத்துக்குள் இது நடந்திருந்தால், கம்பெனி வேற வண்டி கொடுக்கணும், இல்லேன்னா பணத்தைத் திருப்பணும். கணக்குத்தான் பேசும். அந்தச் சட்டம் காருக்கு, டில்லருக்குச் செல்லாது. இருந்தாலும் அந்தக் கணக்குப்படி பார்த்தா, எங்க டில்லர் மார்கழி பிறக்குறதுக்கு முன்னாடியே எலுமிச்சம்பழம் ஆயிருச்சு.

நம்ம நாட்டுல அப்படி நாலு தடவை, 30 நாள்னு எண்ணிச் சொல்ற சட்டம் கிடையாது. நமக்கு இருக்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முதலில் 1986-இல் வந்தது. இப்ப இருக்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலையில நடைமுறைக்கு வந்தது. இதுல குறையை நாமதான் நிரூபிக்கணும். நிரூபிச்சாலும் புது வண்டியே கிடைக்கும்னு சொல்ல முடியாது. 2006-இல் ஒரு கார் வழக்குல உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தை மாற்றித் தரத்தான், காரையே மாற்றச் சொன்னது சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னால், 2004-இல், இன்னொரு கார் வழக்குல அதே நீதிமன்றம், குறையுள்ள காரைப் புதுக் கார் என்று தலையில் கட்டப் பார்த்தது வெட்கக்கேடு என்று கம்பெனியைக் கடிந்தும் இருக்கு. ஆக, கதவு இருக்கு. ஆனா சாவி நம்ம கையில இருக்கணும். சாவி எது? அந்த நாற்பது பக்க நோட்டு!

எதிரணித் தலைவர் குறிப்பெடுக்கிறார். எடுங்க ஐயா, உங்களுக்கும் உதவும்.

அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை ஒரு வழக்கம் வச்சது. மெக்கானிக் வந்தா முதல்ல மோர். அப்புறம் நோட்டு. “அண்ணே, என்ன பழுது, என்ன செஞ்சீங்கன்னு உங்க கையாலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் வண்டியைத் தொடுங்க.” ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனா ஜாப் கார்டு வாங்காம வர்றதில்லை. கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபால்ல கடிதம், ஒப்புகை அட்டையோட. வாயால ஆயிரம் தடவை சொல்லுங்க, காத்தோட போயிரும். ஒரு தபால் போடுங்க, பதில் வரும்.

வந்தது. என்ன பதில் தெரியுமா? “தாங்கள் மேற்படி எந்திரத்தை வாடகைக்கு உழவு செய்யும் வணிக நோக்கத்துக்காக வாங்கியிருப்பதால், சட்டப்படி தாங்கள் நுகர்வோர் அல்லர்.” இது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? நம்ம புது மாப்பிள்ளை, டில்லர் வந்த அன்னைக்கே போட்டோ எடுத்து, ‘வாடகைக்கு உழவு செய்து தரப்படும், தொடர்புக்கு’ன்னு செல்போன்ல ஸ்டேட்டஸ் வச்சிருக்கான்! (சிரிப்பு) ஒரு வயல் உழலை, அதுக்குள்ள விளம்பரம். இந்த இடத்துல மட்டும் எதிரணி சொன்ன அவசரத்தை ஒத்துக்கிறேன்.

அண்ணன் பயந்துட்டாரு. “விடும்மா, நாம நுகர்வோரே இல்லையாம்”னுட்டாரு. அந்தப் பிள்ளை விடலை. எனக்குப் போன் போட்டுச்சு. எனக்கு யாப்பு தெரியும், அணி தெரியும், சட்டம் என்ன தெரியும்? என்கிட்டே படிச்ச மாணவர் ஒருத்தர் வழக்கறிஞரா இருக்கார். அவர்கிட்டே கேட்டேன். அவர் ஒரு தீர்ப்பை எடுத்துக் கொடுத்தாரு.

ருசிகரமான வழக்கு அது. மெஷின் செஞ்சது நம்ம கோயம்புத்தூர்ல. வாங்கினது மகாராஷ்டிரத்துல ஒரு தொழிற்கூடம். மெஷின் தாமதமா வந்தது, குறையோடவும் வந்தது என்று புகார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1995 ஏப்ரலில் தீர்ப்பு. வாங்கினவர் தோத்துப் போனாரு. ஏன்? அவர் வாங்கினது பெரிய அளவுத் தொழிலுக்கு, அது வணிக நோக்கம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனா, அவரைத் தோற்கடிச்ச அதே தீர்ப்பு எங்களைப் போன்றவர்களைக் காப்பாத்துது! வயிற்றுப் பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோ வாங்கினவன் நுகர்வோர்தான். தானே ஓட்டுறதுக்கு லாரி வாங்கினவன் நுகர்வோர்தான். தானே நின்னு வேலை பார்க்கக் கடைசல் எந்திரம் வாங்கினவன் நுகர்வோர்தான். கூடமாட ஒத்தாசைக்கு ஒண்ணு ரெண்டு பேரை வச்சுக்கிட்டாலும் அந்த உரிமை போகாது. சுயதொழில் செய்து பிழைக்க வாங்கினால் அது வணிகம் ஆகாது என்ற விளக்கம் 1993-லேயே சட்டத்தில் சேர்த்தது. 2019 சட்டத்திலும் அப்படியே இருக்கு.

இதை நம்ம தையல் மெஷின் வாங்குற அக்காமார், மாவு மெஷின் வாங்குற அண்ணாச்சிமார், லோடு ஆட்டோ வாங்குற தம்பிமார் எல்லாரும் நெஞ்சுல எழுதி வச்சுக்கணும். “நீ வச்சுச் சம்பாதிக்கிறியே, நீ எப்படி நுகர்வோர்?”னு எவனாவது கேட்டா, “என் கையால ஓட்டிப் பிழைக்கிறேன், அதனால நுகர்வோர்”னு சொல்லுங்க.

2023 மார்ச்சில தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் கொடுத்தாங்க. அஞ்சு மாசக் கர்ப்பம் அப்போ அந்தப் பிள்ளைக்கு. பொருளின் விலை அஞ்சு லட்சத்துக்குள்ளேன்னா கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கணும்னு கட்டாயமும் இல்லை. நாம குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு ஓட வேண்டாம். குறை தெரிந்து ரெண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதை மறந்துடாதீங்க. வழக்கே வேண்டாம், முதலில் சொல்லிப் பார்ப்போம் என்கிறவர்களுக்கு 1915 என்று ஒரு தொலைபேசி எண் இருக்கு, தமிழிலேயே பேசலாம்.

எதிரணியில் ஓர் ஐயா கேட்டாரு, “ஏதோ ஒரு ஊர்க் கடைக்காரரை வச்சுக்கிட்டு எல்லாக் கம்பெனியையும் பழிக்கலாமா?”ன்னு. நியாயமான கேள்வி. டில்லர் நின்னா வயல் கெடும், அவ்வளவுதான். நிக்கிற இடத்துல தீப்பிடிச்சா? 2022 மார்ச்சில வேலூரில், ராத்திரி சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டரில் தீப்பிடித்து, புகையில் மூச்சு முட்டித் தகப்பனும் மகளும் இறந்துபோனார்கள். அந்த ஒரு வசந்த காலத்தில் மட்டும் மூன்று கம்பெனிகள் சேர்ந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மின் ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்தன. அதுக்கப்புறம்தான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை அரசு கடுமையாக்கியது. சரி, அப்புறமாவது? 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை ஒரே ஒரு மின் ஸ்கூட்டர் கம்பெனி மேல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த புகார் 10,644. அதுல 3,389 பேர் அழுதது எதுக்கு? சர்வீஸ் தாமதத்துக்கு! மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பினது. பத்தாயிரம் பேருமா அவசரக்காரங்க? பத்தாயிரம் பேருக்குமா ராசி சரியில்லை?

வண்டியில் குறை என்றால் கம்பெனியைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசே உத்தரவு போடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்தாங்க. விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. குறைன்னு ஒண்ணு இருக்கும், அது செஞ்சவன் பொறுப்புன்னு சட்டமே ஒத்துக்கிட்டது. எங்க எதிரணிதான் இன்னும் ஒத்துக்கலை.

நடுவர் மணியில கை வைக்கிறார். இதோ முடிச்சிருதேன் ஐயா.

ஜூலையில பிள்ளை பிறந்தது, பொண்ணு. அக்டோபர்ல ஆணையம் ஒரு நிபுணரை அனுப்பி மெஷினைப் பிரிச்சுப் பாக்கச் சொன்னது. அவர் அரை நாள் அளந்து பார்த்துட்டு எழுதினாரு: பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கவேண்டிய இடைவெளி குறைவு. சூடானா பிஸ்டன் விரியும், விரிய இடமில்லாமப் பிடிச்சுக்கும். ஆறினா விட்டுரும். தலைமுடி கனம்தான் வித்தியாசம். அந்தத் தலைமுடி கனத்துக்குத்தான் டீசல் கெட்டது, மண்ணு கெட்டது, மருமக கெட்டது எல்லாம்.

டிசம்பர் 17, 18. தாமிரபரணிக்காரங்க யாருக்கும் அந்தத் தேதி மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலே நின்னுபோச்சு. ஏரல் பக்கமெல்லாம் கடலா ஆறான்னு தெரியலை. எங்க அண்ணன் வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. இருட்டு. அந்தப் பிள்ளை அஞ்சு மாசக் கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு மாடிவீட்டுக்கு ஓடுது. பையன் மாட்டை அவுத்து விடுதான். அண்ணன் நெல் மூட்டையைப் பாத்துத் தலையில கை வச்சு நிக்கிறாரு. மதினி கடைசியா வந்தாக, தலையில ஒரு உரச்சாக்குப் பொட்டலத்தோட. “என்ன அத்தை, நகையா?”ன்னு கேட்டிருக்கு அந்தப் பிள்ளை. “நகைதான் அடகுல கிடக்கே. ஒன் நோட்டுதாம்ட்டி. ரேஷன் கார்டும் இருக்கு.”

(நீண்ட கைதட்டல்)

ஜனவரி வாய்தாவில எதிர்த்தரப்பு என்ன சொன்னாங்க தெரியுமா? “வெள்ளத்துல மூழ்கினதால மெஷின் கெட்டுப் போச்சு”ன்னாங்க! நோட்டு 2022-லேர்ந்து பேசுது. நிபுணர் அறிக்கை வெள்ளத்துக்கு முன்னாடியே பதிவாகி இருக்கு. அதுக்கு மேல அவங்களுக்குப் பேச ஒண்ணும் இல்லை.

2024 ஆவணியில உத்தரவு. புது மெஷின் கிடைக்கலை. புது என்ஜின், பயிர் நட்டத்துக்கும் அலைச்சலுக்குமா ஒரு தொகை. அந்தத் தொகை சங்கிலியோட வட்டிக்குச் சரியாப் போச்சு. சங்கிலி இன்னும் சங்கத்துலதான் இருக்கு. ரெண்டு பிசானம் போனது போனதுதான்.

என்ஜின் மாட்ட மெக்கானிக் வந்தாரு, அதே பையன். மாட்டி, ஓட்டி, ரெண்டு மணி நேரம் நிக்காம ஓடுச்சு. அண்ணன் சும்மா இருப்பாரா? கடைக்குப் போய் ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்துட்டாரு. சக்கரத்தடியில வைக்கக் குனியும்போது மதினி கையை நீட்டிப் பழத்தை வாங்கினாக. உள்ளே போனாக. சாறு பிழிஞ்சு, சர்க்கரை போட்டு, எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்தாக. முதல் டம்ளர் மருமகளுக்கு. மெக்கானிக்குக்கும் ஒரு டம்ளர் இருந்தது. அவர் கை நீட்டினப்போ மதினி சொன்னாக:

“இரும் தம்பி. முதல்ல நோட்டுல கையெழுத்துப் போடும்.”

தீர்ப்பை உங்கள் கையில் விட்டு அமர்கிறேன், நடுவர் அவர்களே.